எஃப்-ஒன் அழுத்துகிறவர்

அரியலூரில் ஓர் ஆபீசின் சர்வர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஒல்லியான மனிதர், அறைச் சாவியை வேறு யாரிடமும் தரக்கூடாது என்று உத்தரவு. கரண்ட் போய் வந்தால், யாராவது எஃப்-ஒன் பட்டனை அழுத்தும்வரை அந்த சர்வர் கிளம்பாது. நான் சர்வர் கம்பெனி ஆள், பார்க்கப் போயிருந்தேன்.

டீக்கடையில் சொன்னார்: "உடையார்பாளையத்துல தங்கச்சி கல்யாணம் சார். தாலி கட்டறதுக்குள்ள ஆபீஸ்லேருந்து போன், பஸ் ஏறிட்டேன். புரோகிராம்ல பட்டன் கேக்கற அந்த வரிய மட்டும் எடுத்துட முடியாதுங்களா?"

"கம்பெனி அந்த புரோகிராமை வெளிய விடாதுங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"இல்லைங்க" என்றேன். மொத்த புரோகிராமும் என் பைக்குள் சிடியில் இருந்தது. யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தலைக்கு மேல் ஃபேன் நின்றது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடினார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அந்த கிளாஸை ஒரு தட்டால் மூடிவைத்தார்.