அனுமதி கேட்டு நின்ற வாய்க்கால்

எங்கள் வாய்க்கால் விவசாயிகள் சங்கத்தின் அலுவலகம் உத்தமபாளையத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. அங்கே கணினி வேலை பார்ப்பவர் சுருளிப்பட்டி மாரீஸ்வரி. கணவர் விஜயபாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். மாரீஸ்வரி எதைப் பதிந்தாலும் உரியவரைப் போனில் கூப்பிட்டு வாசித்துக்காட்டுவார். அவர் ‘ஆமா’ என்ற பிறகுதான் அடுத்த வரி. சங்கத்தின் பதிவுகளை நெடுங்காலம் பார்த்துவந்தவன் நான். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் வருவதில்லை.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாய்கிறது. ஒரு வீட்டில் கல்யாணமோ இழவோ வந்தால், தன் முறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அவர் முறையை வாங்கிக்கொள்வார்கள். இந்த மாற்றங்கள் இணையத்தில் உள்ள ஒரே கோப்பில் ஏறும். எல்லோரும் தங்கள் போனிலேயே பார்க்கலாம். மடை திறக்கும் சுருளிவேலும் அதைப் பார்த்துத்தான் பலகையைத் தூக்குவார். சுவரில் ஒட்டிய தாளில் போகத் தொடக்கத்து வரிசை மட்டுமே உண்டு.

சென்ற தை மாதம் ஒரு காலையில் அந்தக் கோப்பு யாருக்கும் திறக்கவில்லை. ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. கீழே அனுமதி கேட்க ஒரு பொத்தான். ஆளாளுக்கு அதை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று சாயங்காலத் தண்ணீர் நல்லகண்ணுவுக்கு. அவருடைய நெல் பால்பிடிக்கும் பருவம். அன்று தண்ணீர் தவறினால் பதராகிவிடும். ஆனால் சுவர்த்தாளில் தங்கபாண்டி பெயர்தான் இருந்தது. மகள் கல்யாண வேலைகளுக்காக அவர் இந்த முறையை நல்லகண்ணுவுக்குக் கொடுத்து, அடுத்த முறையை வாங்கிக்கொண்டவர். இப்போது அலுவலகத்துக்கே வந்து, “நான் குடுத்தது அடுத்த முறையில்ல?” என்றார்.

“வாசிச்சுக் காட்டினேன்ல மாமா, நீங்களும் ஆமான்னீகளே” என்றார் மாரீஸ்வரி.

“கல்யாண வீட்டு மேளத்துல எதுக்கு ஆமான்னேனோ!”

சுருளிவேல் குறுக்கே வந்தார். “கோப்பக் காட்டுங்க, பலகையத் தூக்குறேன். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது. தண்ணி கீழ போயிரும்.”

மாரீஸ்வரி, “நேத்து போன்ல இடமில்லைன்னு பழசெல்லாம் அழிச்சேன். இதுவும் அதோட போயிருச்சோ என்னமோ” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நல்லகண்ணு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கோப்பைத் தொடங்கியவர் இவாஞ்சலின் என்று நான் நினைவுபடுத்தினேன். மாரீஸ்வரிக்கு முன் அந்த வேலையில் இருந்தவர். கல்யாணமாகி, மலைமேல் இருக்கும் நெடுங்கண்டத்துக்குப் போய்விட்டார். சங்கத்துக்கென்று தனிக் கணக்கு இல்லாததால் தன் சொந்தக் கணக்கிலேயே தொடங்கியிருந்தார்; அனுமதி அவர் கையில்தான். கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. மறுபடியும், மறுபடியும். கடைசியில் மாரீஸ்வரி, மலையில் இருந்த தன் கணவரை அந்த வீட்டுக்கே அனுப்பினார். பொழுது சாயத் தொடங்கியபோது விஜயபாண்டியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டதும் இவாஞ்சலின் குரல் கேட்டது.

“அக்கா, நீங்களா? காலையில இருந்து யார் யாரோ அனுமதி கேக்குறாகன்னு போன் கத்திக்கிட்டே கெடக்கு. எங்க வீட்டுக்காரவுக பயந்து ஆஃப் பண்ணிட்டாக.”

“எங்கள எதுக்குடி வெட்டிவிட்ட?”

“பாப்பா போட்டோவெல்லாம், உங்க எல்லாருக்கும் தொறந்துவிட்ட அந்தக் கோப்பு இருக்குற ஃபோல்டர்லயே விழுந்திருக்குக்கா. ‘நம்ம பிள்ளை குளிக்கிறத பாக்குற இந்த நல்லகண்ணு யாரு, தங்கபாண்டி யாரு’ன்னு நேத்து இவுக கேட்டாக. எல்லாரையும் எடுத்துட்டேன்.”

“ஏ ஆத்தா, நான் எங்கன பாத்தேன்? எனக்கு மடையத் தவிர வேற ஒண்ணும் தொறக்கத் தெரியாது!” என்று நல்லகண்ணு கத்தினார்.

படங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு இவாஞ்சலின் அனுமதி கொடுத்தார். கோப்பு திறந்தது. அன்றைய முறை நல்லகண்ணுவுக்கு என்றே இருந்தது. சுருளிவேல் மடைக்கு ஓடினார், நல்லகண்ணு பின்னாலேயே.

தங்கபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, அடுத்தது எனக்குன்னு இருக்கான்னு பாரு.”

மாரீஸ்வரி வாசித்துக்காட்டினார். “நல்லாக் கேட்டுச்சா மாமா?”

“கேட்டுச்சு ஆத்தா. இன்னிக்கு மேளமில்ல.”

போனில் இவாஞ்சலின், “கோப்ப உங்க பேருக்கே மாத்திரவாக்கா?” என்று கேட்டார்.

“வேணாம். நாளைக்கு நானும் இங்கன இல்லாமப் போவேன். சங்கத்துக்குன்னு ஒரு கணக்குத் தொடங்குறேன், அதுக்கு மாத்து. அதுவரைக்கும் போன வச்சிராத.”

தண்ணீர் வயலில் ஏறிவிட்டதாகச் சுருளிவேல் சொல்லியனுப்பியபோதும் மாரீஸ்வரி எழுந்திருக்கவில்லை. என் போனை வாங்கி, கோப்பு அதிலும் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.