குறை இல்லாத வண்டி

செகண்ட் ஹேண்ட் பைக்கை அரை மணி நேரமாவது சோதிக்காமல் வாங்கக் கூடாது என்பது என் கொள்கை. வாகனக் காப்பீட்டு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பிழை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் படிப்பேன். மருமகனுக்கு ஒரு வண்டி பார்க்க ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன்.

விற்பவருக்கு என் வயதுதான் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்து, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும்வரை, அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதுல அவரு மூஞ்சியே அவருக்குத் தெரியாது சார்," என்றார் அவர் மனைவி. "கண்ணு போயிட்டே இருக்கு. ரெண்டு தடவ விழுந்துட்டாரு. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

அந்த அம்மாள் காபி கொண்டுவர உள்ளே போனதும் அவர் என் பக்கம் குனிந்தார்.

"எஞ்சின் சரியில்லன்னு சொல்லிடுங்க சார். ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"சொன்னா, நாளைக்கு நீங்க ஓட்டுவீங்களே?"

"அல்சூர் ஏரி வரைக்கும்தான். அந்த ரோடு எனக்கு மனப்பாடம் சார்."

வாழ்நாளில் ஒரு பொய் அறிக்கைகூட நான் எழுதியதில்லை. அன்று அது பெருமையாகப் படவில்லை.

காபி வந்தது. "வண்டில ஒரு குறையும் இல்ல," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் அவர், நிமிர்ந்து. பிறகு சாவியை நீட்டினார். அவர் நீட்டிய பக்கம் யாரும் இல்லை. நான் அங்கே போய் நின்று வாங்கிக்கொண்டேன்.