சிவப்புத் துணி கட்டிய கூடாரங்கள்

1. காலையில் நகர மையத்து ஆய்வுகூடத்தில், கணினித் திரையில் வரிசை வரிசையாக வெறும் புள்ளிகளை இட்டேன்.
2. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே அணுக்கூட்டத்தை வைத்தேன்: ஒரு வெள்ளை அணு, அதன் மேல் ஒரு சிவப்பு.
3. படிகம் உருவானது. திரையை அணைத்துவிட்டேன்.

அப்படியொரு வரிசைக்குள் நான் சிறுமியாக இருந்திருக்கிறேன். போர் முடிந்ததும் எங்களை அடைத்த முகாம். வெயிலில் காய்ந்த கூடாரத் தறப்பாளின் மணம். ஒன்றுபோலவே வெள்ளைக் கூடாரங்கள். அப்பாவை விசாரணைக்கென்று முகாம் வாசலிலேயே பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்தால் எங்கள் கூடாரம் தெரியட்டும் என்று அம்மா தன் சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கம்பில் கட்டினார்.

பக்கத்துக் கூடாரத்து இராசம் அக்கா சிரித்தார். "கொடியேத்திப் போட்டாய், தேர் எப்ப பிள்ளை?"

மறுநாள் அவரே வந்து நின்றார். "எனக்கும் ஒரு துண்டு தா. என்ர பெடியனையும் கொண்டுபோயிட்டாங்களெல்லோ."

கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா கிழித்துக் கொடுத்தார். சேலை முடிந்தபோது வரிசை முழுவதும் சிவப்பு.

"அம்மா, இப்ப அப்பா எங்கட கூடாரத்தை எப்பிடிக் கண்டுபிடிப்பார்?"

"ஆராவது காட்டுவினம்," என்றார். ஆனால் அதன்பிறகு தண்ணீர் எடுக்கக்கூட அவர் கூடார வாசலை விட்டு நகரவில்லை.

படிகமும் அப்படித்தான். எல்லாப் புள்ளியிலும் ஒரே அணுக்கூட்டம் இருந்தால், நாம் எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்று சொல்ல முடியாது.

இப்போது வேற்று நாட்டு நகரமொன்றின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், மூன்றாம் மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். பல்கனிக் கம்பியில் அம்மா சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். இந்தக் கட்டடத்தில் வேறு எவரும் கட்டவில்லை. அப்பா இன்னும் வரவில்லை.