அம்சவள்ளி கேட்கும் சந்தேகங்கள்

மதியச் சங்கு ஊதியதும் ஆலையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அம்சவள்ளி போனை எடுப்பாள். கருவி அறையின் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு சவூதிக்குப் பேசுவாள். அங்கே அது டீ நேரம். "சாப்டீங்களா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அடுத்ததே, "சைலோவுக்கு அல்ட்ராசோனிக் போட்டா இன்னாங்க?" என்று தொழிலுக்கு வந்துவிடுவாள்.

ரிஷிவந்தியம் பக்கத்துச் சர்க்கரை ஆலையொன்றில் அவள் கருவி மெக்கானிக். கொதிக்கிற சாற்றுத் தொட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லும் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் அவள் வேலை. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், அதோடு ஒட்டிக்கொண்ட இஞ்சி மிட்டாய். கருவிகளை அவள் மாடு கன்றுகளைப்போல அதட்டுவாள். "இன்னாடா, காலையிலேருந்து பொய் சொல்லிக்கினு கீற" என்று சொல்லி மூடியைத் தட்டுவாள். பாதி நேரம் அதுவும் பயந்து சரியாகிவிடும்.

கணவன் ராஜாங்கம் இதே அறையில் வேலை பார்த்தவன்தான். அவனுக்குக் கீழே அப்ரண்டிஸாகச் சேர்ந்துதான் அம்சவள்ளி தொழிலையும் அவனையும் தெரிந்துகொண்டாள். காதலித்த காலத்திலும் இவர்கள் கொஞ்சிப் பேசி யாரும் கேட்டதில்லை. பேசினால் டிரான்ஸ்மிட்டர், இல்லாவிட்டால் பிரஷர் கேஜ். இப்போது அவன் பாலைவனத்தில் தார் காய்ச்சி வைக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வந்த பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பக் கட்டுகிற நாள் வந்துவிடும்.

ராத்திரி வீட்டுக்கும் வீடியோவில் பேசுகிறான். ஆனால் அது ஊர்ப் பொது போன். மாமியார் கொளஞ்சியம்மாள் முதலில், மகள் அடுத்து, பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் பின்னால் நின்று, கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு அம்சவள்ளியின் முறை முடிந்துவிடும். அவளுக்கென்று அவன் கிடைப்பது மதியம்தான். அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் காரணம்தான் சைலோ.

பாய்லரில் கரும்புச் சக்கை எரிந்து மிஞ்சும் சாம்பலைக் கொட்டி வைக்கும் உயரமான இரும்புக் கூண்டு அது. சூடும் தூசியுமாக உள்ளே எந்நேரமும் புகைமூட்டம். அதற்கு எந்தக் கருவி சரிப்படும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை இன்ஜினியர் காசிநாதன் இவளிடம் விட்டிருந்தார். அல்ட்ராசோனிக் வேண்டாம், அந்தச் சூட்டிலும் தூசியிலும் ஒலி போய்த் திரும்பி வருவது நம்பிக்கையில்லை என்றான் ராஜாங்கம். மறுநாள், "மேலேருந்து கம்பி தொங்க விட்டு அளக்கறது ஒண்ணு கீதே, அது?" என்றாள்.

"சாம்பல் இறுகிச்சுன்னா கம்பியை இழுத்து அறுத்துடும், அம்சா. தொடாம அளக்கற ரேடார் போடு."

"ரேடார் மூஞ்சியில தூசி அப்பிக்கினா?"

"காத்து ஊதி தொடைச்சுக்கற மாதிரி வருது. அதைக் கேளு."

"சூடு ஜாஸ்தியானா தாங்குமா?"

இப்படியே வாரங்கள் ஓடின. ரேடார்தான் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். காது அவன் குரலைக் கேட்கட்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் "அம்சா" என்று அழைப்பதற்காக, நல்ல கருவிகள்மேல் கூசாமல் பழி போட்டாள். "பொண்ணு பாக்கறதுக்கே இவ்ளோ நாள் ஆவாதும்மா" என்று காசிநாதன் கிண்டல் செய்தார். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது என்று அவரிடமும் கெஞ்சினாள்.

போன வாரம், இன்னும் கருவி பொருத்தாத சைலோ நிரம்பியது யாருக்கும் தெரியாமல் வழிந்துவிட்டது. மேற்கே கல்வராயன் மலையிலிருந்து வீசிய காற்று அந்தச் சாம்பலை வாரிக்கொண்டு போய், கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் எடைமேடைமேல் இறைத்தது. கச்சிராயபாளையத்திலிருந்து லோடு கொண்டுவந்த டிரைவர்கள் தலைநரைத்துப்போய் நின்றார்கள். கூட்டிப் பெருக்கும் பச்சையம்மாளுக்குக் கண்ணெல்லாம் சாம்பல். ஈரத் துணியை ஒற்றிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல வுடும்மா, அடுப்பு ஊதறவளுக்கு இது இன்னா பெருசு" என்றாள். திட்டியிருந்தால்கூட அம்சவள்ளிக்குத் தேவலாம் போலிருந்தது. தன் ஏக்கத்துக்கு இந்தப் பொம்பளையின் கண்தானா கிடைத்தது என்று மனசு குமைந்தது. நேராகக் காசிநாதனிடம் போனாள். "ரேடார் சார். இன்னிக்கே ஆர்டர் போட்ருங்க" என்றாள்.

மதியம் போனில், "சாப்டீங்களா" கூடக் கேட்கவில்லை.

"ரேடார்னு சொல்லிட்டேங்க. ஆர்டர் போயிடுச்சு."

"நல்லதாப் போச்சு" என்றான் ராஜாங்கம்.

கேட்பதற்கு இனிச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. அவன் பக்கம் ஏதோ பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வந்துடுங்க, சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, வந்துடுங்க என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது, "அப்ப வெச்சிடட்டுமா?" என்றுதான் வந்தது.

"இரு, இரு" என்றான் அவன் அவசரமாக. கொஞ்சம் யோசித்தான். "பாய்லருக்குப் போற சுடுதண்ணி டேங்க் ஒண்ணு கீதே. அது ஒழுங்கா காட்டுதா?"

அந்த டேங்கின் கருவியைச் சவூதிக்குப் போவதற்குமுன் பொருத்தியவனே ராஜாங்கம்தான். அன்றிலிருந்து அது ஒரு நாளும் பிசகியதில்லை. அம்சவள்ளி எதிரிலிருந்த திரையைப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் இருந்தது அளவு.

"இல்லீங்க, அதுவும் தப்பாதான் காட்டிக்கினு கீது" என்றாள். காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.