நைனாவின் கெண்டை

முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் இருக்கிற சதையை எங்கள் ஊரில் கெண்டை என்போம். நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கியிருக்கும். ஏரியில் பிடிக்கிற கெண்டை மீனும் அப்படித்தான். அதனால் காலுக்குள் மீன் இருக்கிறது என்றே நம்பினேன்.

நைனா காவாந்தண்டலம் பக்கம் செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றுவார். தலையில் கல்லோடு சாய்ந்த பலகையில் ஏறும்போது அந்த மீன் மேலே துள்ளும். இறங்கினால் அடங்கும். சில நாள் வேலை முடிந்து படுத்ததும், "ஐயோ, கெண்ட புடிச்சிக்கிச்சு" என்று கத்துவார். அம்மா பாதத்தை மேல்பக்கம் மடக்கி அழுத்துவாள். மீன் அடங்கும். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒருநாள் பலகை வழுக்கிக் கால் உடைந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. மேஸ்திரி வந்து பார்த்தார். வேறு ஆள் தேட வேண்டும் என்றார். அதுவரை நடவுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, "நான் வர்றேன்" என்றாள்.

"பலக ஏறணும்மா. பூ கட்ற வேல இல்ல."

"ஏறி வுழுந்தவரு ஆம்பளதான மேஸ்திரி?"

நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் கோழி அறுத்தார்கள். வெட்டிப் போட்ட காலை எடுத்தேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு நரம்பு. இழுத்தேன். விரல்கள் மடங்கின. விட்டேன். விரிந்தன. அன்று முழுக்க அதே வேலை. நைனாவின் கட்டுப் போடாத காலைத் தடவிப் பார்த்தேன். குதிகாலுக்கு மேல் அப்படி ஒரு கயிறு இருந்தது. மேலே போய்க் கெண்டையில் சேர்ந்தது. கயிற்றை இழுப்பது மீன்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று பயந்துபோனேன். கால் குச்சியாக இருந்தது.

"நைனா, கெண்ட எங்க?"

"உள்ள தண்ணி இல்ல. செத்துப் பூட்ச்சி."

அழுதேன். கட்டுப் பிரித்த நர்ஸ் அக்கா சிரித்தார். "வேல இல்லாம சும்மா கெடந்துச்சில்ல, எளச்சிப் பூட்ச்சி. தெனம் சொவத்தப் புடிச்சிக்கினு குதிகால தூக்கச் சொல்லு. வந்துடும்."

வீட்டில் நைனா சுவரைப் பிடித்து நின்றார். குதிகால் தரையை விட்டு எழவில்லை. கயிறு இருந்தது. இழுக்க ஆள் இல்லை.

"இனிமே எங்க பலக ஏர்றது" என்று உட்கார்ந்தவர், மறுநாள் முயற்சி செய்யவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா சூளையிலிருந்து வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக் குழாயடியில் கால் கழுவினாள். செங்கல் தூள் சிவப்பாக வழிந்தது. சுவர் மேல் இருந்த சொம்பை எடுக்க எக்கினாள். காலில் கெண்டை துள்ளியது. பெரிய கெண்டை. முன்பு அவள் காலில் நான் அதைப் பார்த்ததில்லை.

திருடனைப் பிடித்த மாதிரி கத்தினேன். "நைனா! ஒன் கெண்ட அம்மா கால்ல கீது!"

அம்மா சட்டென்று புடவையை இறக்கிவிட்டாள். "பேஜார் பண்ணாத, வாய மூடுடி."

நைனா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். கால் நடுங்கியது. குதிகால் கொஞ்சம் எழுந்தது. விழுந்தது. மறுபடியும் எழுந்தது.

மீனைத் திருப்பிக் கொடு என்று அம்மாவிடம் கேட்டால் போதுமே, எதற்கு இவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.