கதவு சாத்தாத ஹோட்டல்

கரிசல் மண்ணில் ஒரு கட்டிடம் நிற்பது சாதாரண விஷயமில்லை. மழைக்கு அந்த மண் ஊதும், வெயிலுக்கு வாய் பிளக்கும், மேலே நிற்கிற சுவரும் கூடவே பிளக்கும். அருப்புக்கோட்டைக் கடைத்தெரு முனையில் எங்கள் ஹோட்டலைக் கட்டிய தாத்தா, ஆள் உயரத்துக்கும் ஆழமாக அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, திருச்சுழிப் பக்கமிருந்து குண்டாற்று மணலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நிரப்பி, அதன் மேல்தான் முதல் கல்லை வைத்தாராம். எதிரில் எண்பதுகளில் எழும்பிய லாட்ஜின் சுவரில் இரண்டாவது வருஷமே பல்லி குடும்பம் நடத்துகிற அளவுக்கு விரிசல். எங்கள் சுவரில் முடியளவு கீறலை யாராவது காட்டட்டும், மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

இதைப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

கீழே சாப்பாட்டுக் கூடம். மேலே, பருத்தியும் மிளகாய் வத்தலும் வாங்க வரும் வியாபாரிகள் தங்குவதற்கு அறைகள். நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்கிற மழையெல்லாம் முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள் போய்விடும். ஊரெல்லாம் உப்புத் தண்ணீரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஹோட்டலில் மட்டும் மழைத்தண்ணீர்க் காப்பி. நரிக்குடியிலிருந்து ஆடு விற்க வருகிறவர்கள் சந்தைக்குள் நுழையும் முன் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் விலை பேசப் போவார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு. சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். தூண்கள் பர்மாத் தேக்கு. சின்ன வயதில் கட்டிப்பிடித்துப் பார்ப்பேன், கை எட்டாது. கல்யாணமாகி சாத்தூருக்குப் போன பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் கட்டிப்பிடித்துப் பார்ப்பேன். எட்டியதே இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெருமை, வாசல் கதவு. இரட்டைக் கதவு. வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள், என் முழங்கை நீளத்துக்குத் தாழ்ப்பாள். ஆனால் அது சாத்தி நான் பார்த்ததில்லை. பகலில் சாத்த வேண்டிய அவசியமில்லை. ராத்திரியில் சரக்கு மாஸ்டரும் பரிமாறுகிறவர்களும் காற்றுக்காக வாசலை ஒட்டிப் படுத்திருப்பார்கள். விடியும் முன்னே மதுரை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வந்துவிடுவார்கள், தறிக்காரர்கள் வந்துவிடுவார்கள். பொங்கலன்று அடுப்பு அணைந்திருந்தாலும் வாசலில் தண்ணீர்ப் பானை இருக்கும், கதவு திறந்திருக்கும். ஏன் என்று கேட்டால் அப்பா, "பசிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா?" என்பார்.

எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு மொசைக் ஆசை வந்தது. தாத்தா பாவிய கல் தரை தேய்ந்து பள்ளம் விழுந்து, கழுவிய தண்ணீர் அங்கங்கே தேங்கி நின்றது. ஆனால் கல்லைப் பெயர்க்க அவருக்கு மனசில்லை. "எங்கப்பா போட்ட கல்லு, கெடக்கட்டும்" என்று அதன் மேலேயே மொசைக் போடச் சொல்லிவிட்டார். தரை நாலு விரல் உயர்ந்தது. பாலிஷ் போட்டு முடித்த அன்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தார். லீவுக்கு வந்திருந்த நான் ஈரக்காலோடு வந்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு.

தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம் அப்பா போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. சாத்தூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. அடுத்த தெருவில் இருந்த ஹோட்டலில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்த முடியவில்லை.

முதலாளி இறந்தால் கடை அடைத்திருக்க வேண்டும். அதுவும் அப்பாவின் பல்லக்கு அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அண்ணன் ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. கதவுகள் இரண்டும் சுவரோரம் திறந்தபடி நிற்க, அவற்றைச் சுற்றியே தரையை ஏற்றியிருந்தார்கள். நாலு விரல் ஆழத்துக்குக் கதவின் அடி மொசைக்குள் புதைந்து கிடந்தது. இத்தனை வருஷமாக எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. சாத்திப் பார்த்தால்தானே தெரியும்.

அண்ணன் ஆசாரியை வரவழைத்திருந்தார். தரைக்கு மேலே அறுத்துவிட்டால் கதவு திரும்பும் என்றார் ஆசாரி.

"அறுங்க" என்றார் அண்ணன்.

நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "இதுல ரம்பம் படணும்னா மொதல்ல எம்மேல படட்டும்" என்றேன். சினிமா வசனம் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நீ சும்மா இரு தாயி" என்றார் அண்ணன். அவர் கண் சிவந்திருந்தது. "சம்பந்தகாரவுக வாராக. பரளச்சி, நரிக்குடின்னு ஊரே வருது. அப்பன் செத்த அன்னைக்கும் மகன் கடையத் தொறந்து வச்சு யாவாரம் பாக்குறான்னு பேசுனா, நான் தெருவுல நடக்க முடியுமா?"

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. "அம்மாட்டக் கேளுங்க. அம்மா அறுக்கச் சொன்னா நான் நகந்துக்கிறேன்" என்றேன். ஆசாரியை இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனோம்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குனிந்து காதில் சொன்னார். அம்மாவின் அழுகை நின்றது. அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"கதவு மாட்டிக்கிரும் மொதலாளி, கழத்தி வச்சுப்புட்டுத் தரையப் போடுவோம்னு கொத்தனாரு அன்னைக்கே சொன்னாரு. உங்கப்பாதான், எதுக்குய்யா சாத்தப் போறோம், நீ போடுன்னாக. ஒரு நல்லது கெட்டதுக்குச் சாத்த வேணும்லன்னு நானுந்தான் கேட்டேன். 'என் கெட்டதுக்கா? அன்னைக்குத்தான் வெளியூரு சனம் நெறைய வரும். சாத்திப்புட்டா அதுக எங்க போய்ச் சாப்புடும்'னாக."

அண்ணன் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு அடுப்பு எரியக் கூடாதுல்லம்மா" என்றார் மெதுவாக.

"வீட்டு அடுப்புதான்டா எரியக் கூடாது. அது ஊரு அடுப்பு. பேசுறவுக பேசட்டும், ஊரு வாய மூட ஒல மூடியா இருக்கு? போ, வந்த சனத்துக்குச் சோறு போடு."

நாங்கள் திரும்பி வந்தபோது ஆசாரி ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பரளச்சியில் எங்கள் நிலத்தில் பாடுபடுகிற சனங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, மாலையும் கையுமாக எங்கே நிற்பது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். அண்ணன் மாஸ்டரை உலை வைக்கச் சொல்லிவிட்டு, வாசலில் அப்பா எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றார். அவர் ஒரு நாளும் அங்கே நின்றவரில்லை, கூச்ச சுபாவம்.

"ரம்பத்த உள்ள வைங்க ஆசாரி. கையக் கழுவுங்க. எல்லாரும் உள்ள வாங்க, கையக் கழுவுங்க" என்றார்.

அது அப்பாவின் பேச்சு, வாசலில் நின்று வருகிறவர்களை அவர் கூப்பிடுவது அப்படித்தான். அதுவரை நான் அழவில்லை. அப்போதுதான் அழுதேன், அந்தக் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு.

எங்களில் பெண்கள் தெருமுனை வரைதான் போவோம். முனைதான் ஹோட்டல் வாசல். பல்லக்கு அங்கே வந்தபோது தெருவில் மற்றக் கடைகளெல்லாம் பாதி அடைத்திருந்தன, எங்கள் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பிணம் தெருவில் போகும்போது சோற்றில் கை வைக்க மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பாதி இலையில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

தீச்சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணன் நின்றார். சட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் அவர்களை உட்காரச் சொன்னார். உட்கார்ந்து, சாப்பிடச் சொன்னார். அவர்கள் உட்கார்ந்து இலையில் கை வைக்கிற வரைக்கும் பல்லக்கு எங்கள் வாசலில் நின்றது.