மாமனாரின் ஜீப்பும் நிற்காத கசிவும்

மாட்டுங்காவில் ஒரு பாத்திரக்கடையில் நின்று நிதானமாகத் தேர்ந்தெடுத்து நான் வாங்கிய அகலமான அலுமினியத் தட்டு அது. தீபாவளிக்கு முறுக்கு பிழிந்து அடுக்கலாம் என்று வாங்கினேன். ஒரு முறுக்குகூட அதில் ஏறவில்லை. செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே மாமனாரின் பழைய ஜீப் நிற்கும். அதன் முன் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலிலிருந்து சொட்டும் எண்ணெயைப் பிடிப்பதற்காக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தட்டைக் கொண்டுபோய் அடியில் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "தட்டுதானம்மா, கழுவுனாப் போச்சு" என்றார். கியர் எண்ணெய் குடித்த தட்டில் முறுக்கு அடுக்கச் சொல்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? காலையில் அலுவலகம் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கறுப்பு எண்ணெயும் செத்த பூச்சியுமாக என் தீபாவளித் தட்டு கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரசு இலாகா ஒன்று கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும் என்பதில் மாமனாருக்கு அப்படி ஒரு பெருமை. அவர் ஏறிப்போக மலையும் இல்லை, காடும் இல்லை. மாட்டுங்காவில் எங்கள் பலசரக்குக் கடை, செம்பூரில் வீடு, இரண்டுக்கும் நடுவே நெரிசல். இதற்கு எதற்கு இப்படி ஒரு வண்டி என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. "சயான்ல இடுப்பளவு தண்ணி நிக்கும்போது எவன் வண்டி போகுதுன்னு பாப்போம்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, பெருமழை நாட்களில் அது போகத்தான் செய்தது. மற்ற வண்டிகள் எல்லாம் நடுத்தெருவில் நின்றுபோக, எங்கள் வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வீடு வந்து சேரும். வருடத்தில் அந்த ஒன்றிரண்டு நாளுக்காக மற்ற நாளெல்லாம் நாங்கள் எண்ணெய் துடைத்தோம்.

தாராவியில் ஒரு கராஜ். அதை நடத்துகிறவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மாமனாரின் ஊருக்கு அடுத்த ஊர். எல்லோருக்கும் அவர் மிஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு மாமனார் அங்கே போய்விடுவார். கண்பார்வை மங்கிய பிறகு வண்டியை நான்தான் ஓட்டிப் போக வேண்டியதாயிற்று. ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய இருக்கை சுவரோரம் கிடக்கும். அதுதான் அவர் சிம்மாசனம். மிஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசுவார், இவர் உட்கார்ந்துகொண்டே பதில் சொல்வார். ஊரில் எந்தக் கோயில் கொடைக்கு எவ்வளவு கூட்டம், எவன் யார் நிலத்தை வளைத்துக்கொண்டான், தண்ணீர் வந்ததா, வரவில்லையா. மதியச் சாப்பாட்டுக்குக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். கடையை என் கணவரிடம் ஒப்படைத்த பிறகு, அங்கே யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. வீட்டில் நாங்களும் கேட்பதில்லை. அவர் சொல்லுக்குச் செல்வாக்கு இருந்த இடம் உலகத்தில் அந்தக் கிழிந்த இருக்கை ஒன்றுதான்.

கசிவு தொடங்கியதும், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் 'சீல்' என்கிற ரப்பர் வளையத்தை மிஸ்திரி மாற்றினார். கொஞ்ச நாள் நின்றது, மறுபடி சொட்டியது. வேறு சீல் போட்டார். பிறகு பின் ஆக்சிலும் சேர்ந்துகொண்டது. பேரிங்கைப் பார்த்தார், எண்ணெயை மாற்றினார், திரும்பவும் சீல். "இப்ப பக்கா, அண்ணாச்சி. சும்மா காலிபீலி டென்ஷன் ஆவாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். நானும் நம்பித் தட்டை எடுத்து ஓரமாக வைப்பேன். வாரம் திரும்புவதற்குள் தரையில் கறுப்பு வட்டம். கட்டடச் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்து நிறுத்தி இந்தியில் பாடம் எடுப்பார். என் வெள்ளை சல்வாரில் பட்ட கறை எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. ஐயோ, ஒரு இரும்பு வண்டி இப்படியா ஒரு குடும்பத்தின் உயிரை வாங்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முலுண்டில் ஒரு கல்யாண வீட்டில்தான் எல்லாம் வெடித்தது. புதிதாகக் கல் பதித்த முற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைக் கல்லில் இரண்டு இடத்தில் எண்ணெய். "அண்ணாச்சி வண்டி கோலம் போட்டுட்டுல்லா போகுது" என்று யாரோ சொல்ல, மொத்த வீடும் சிரித்தது. மாமனாரும் சிரித்தார். ஆனால் வண்டியில் ஏறியதும், "தாராவிக்கு விடு" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் மாமா, நாளைக்குப் போகலாம் என்று நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. கராஜில் வேறு ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

"சீல மாத்தாமலே மாத்துனேன்னு சொல்லி என்னைய ஏமாத்துதீரு, என்ன வே?"

மிஸ்திரி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அப்படித் தோணிச்சுன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க, அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். எத்தனையோ வருடத்துச் சிநேகம் ஒரு தேநீர் ஆறுகிற நேரத்தில் முடிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாமனார் வழக்கம்போல் குளிப்பார், திருநீறு பூசுவார், சட்டை போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேப்பரை விரித்து வைத்திருப்பார், பக்கம் திரும்பாது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருவார். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்றால், "ஏமாத்துனவன்ட்ட எனக்கென்ன பேச்சு" என்பார். ரொம்பப் பேசினால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

வண்டியை நான் கராஜ் கராஜாக இழுத்துக்கொண்டு அலைந்தேன். செம்பூரில் குளுகுளு அறையோடு ஒரு பட்டறை. அங்கே வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். மாஹிமில் ஒருவர் கெட்டியான எண்ணெயை ஊற்றி அனுப்பினார். சில நாள் அடங்கியிருந்து, சேர்த்துவைத்துக் கொட்டியது. கடைசியாக சயானில் ஒரு மராட்டிக்காரரிடம் விட்டேன். அவர் முதல் வேலையாக வேகத்தண்ணீர்க் குழாயைப் பிடித்து வண்டியின் அடிவயிறு முழுவதையும் அடித்துக் கழுவினார். பிறகு ஸ்க்ரூடிரைவரால் எதையோ சுரண்டினார். சுரண்டி எடுத்த கட்டியை என் உள்ளங்கையில் வைத்து, இது என்ன என்று இந்தியில் கேட்டார். கல் போல இருந்தது. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் சந்தனம் மணத்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் பானட்டிலும் சக்கரத்திலும் பொட்டு வைப்பார்கள். எங்கள் மாமனாருக்கு அது போதாது. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, உழைக்கிற எல்லா உறுப்புக்கும் தம் கையால் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஒவ்வொரு ஆக்சிலின் மேலேயும் சின்னத் தலை போல ஒரு மூடி துருத்திக்கொண்டிருக்கும். அதற்குப் ப்ரீதர் என்று பெயர். ஓட்டத்தில் உள்ளே சூடாகி விரிகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தலை என்று இருந்தால் பொட்டு வைக்காமல் விடுவாரா? பழைய பொட்டை அழிப்பது ஆகாது என்று வருடா வருடம் அதன் மேலேயே அப்பிக்கொண்டு வந்திருக்கிறார். காற்றுக்கு வழியில்லாமல் போய், அது எண்ணெயைச் சீலைத் தாண்டி வெளியே தள்ளியிருக்கிறது. புதுச் சீல் போட்டாலும் அதே கதிதான். மிஸ்திரிக்கு ப்ரீதர் தெரியாமலா இருக்கும்? ஆனால் பூசை வைத்த இடத்தை அடுத்தவன் சுரண்டக் கூடாது என்பது அவர் எண்ணம். வண்டியைக் கழுவும்போதுகூடப் பொட்டில் தண்ணீர் படாமல் சுற்றிக் கழுவுகிற மனிதர் அவர். உள்ளே அடைத்திருக்கும் என்று நினைக்காமல் மரியாதையாக விட்டுவிட்டார். ஒருவர் பக்தியாக வைத்தார், ஒருவர் பக்தியாகத் தொடாமல் விட்டார். நடுவில் நாசமாய்ப் போனது என் தட்டு.

கட்டியைக் கொண்டுவந்து மாமனாரிடம் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார். அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மிஸ்திரி ஏமாற்றவில்லை என்று தெரிந்துவிட்டதே, போய்ச் சொல்லிவிட்டு வரலாமே என்றேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன், தாயி?" என்றார். அந்த ஞாயிறும் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தார். கசிவு நின்று தரை காய்ந்து கிடந்தது; இவர் வீட்டுக்குள் காய்ந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க மாமா, இல்லேன்னா இன்னைக்கே இந்தச் சனியனப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றேன். வந்து ஏறினார்.

மாமனார் இப்போது இல்லை. வண்டி இருக்கிறது, போன மழைக்கும் சயான் தண்ணீரில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. அவருடைய பிடிவாதத்தைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் நான்தான் அதிகம் குறை சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அன்றைக்கு நடந்ததும் கூடவே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அன்றைக்குக் கராஜ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் மிஸ்திரி எங்களைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மாமனார் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று. அவர் தொண்டையைச் செருமினார்.

"முன் ஆக்சில்ல இன்னும் லேசா கசியுது. என்னன்னு பாரும் வே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொட்டு எண்ணெய் இல்லாத வண்டி அது. பச்சைப் பொய். மிஸ்திரி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அட்டையை விரித்து அடியில் படுத்து உள்ளே போனார்.

"பொட்ட எடுத்துட்டியளா, அண்ணாச்சி?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"எடுத்தாச்சு."

மிஸ்திரி வெளியே வந்து எழுந்து நின்றார். துளி எண்ணெய் படாத கையைத் துணியை எடுத்து நிதானமாகத் துடைத்தார்.

"ஆமா அண்ணாச்சி, கசியத்தான் செய்யிது. அடுத்த ஞாயித்துக்கெழம வெள்ளன கொண்டாங்க, பாப்போம். இப்ப உக்காருங்க, சாயா சொல்லுதேன்."

மாமனார் போய் அந்தக் கிழிந்த இருக்கையில் உட்கார்ந்தார். நான் வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டு இரண்டு பேரையும் வாய்க்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.